ஆவலாதி சொல்லத் தெரிந்த விசுவாசம்

(பூதப்பாண்டியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

'கவலையும் விசுவாசமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதில் ஒரு மணி நேரம் பேசுவது பெரிய காரியமில்லை. 'கவலைப்படாதீர்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்பதையே குரலை ஏற்றியும் இறக்கியும் நாலு தடவை சொன்னால் நேரம் போய்விடும். ஆனால் இந்தப் பூதப்பாண்டி பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த ஊர். பகத்சிங்கின் நாத்திக நூலைத் தமிழாக்கியதற்காகச் சிறைக்குப் போனவர் அவர். கடவுளை நம்பினால் துன்பம் இலேசாகும் என்று தெரிந்தும், அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம் என்பது அந்த நூலில் பகத்சிங் வைக்கிற வாதம். தூக்குமரம் காத்திருக்கும்போது ஒரு இளைஞன் எழுதியது. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த ஊரில் விசுவாசத்தைப் பற்றிப் பேசிவிட்டு இறங்குவது மரியாதை ஆகாது.

பதிலைத் தேடி வெகுதூரம் போகவேண்டாம். நம் தோவாளை தாலுகாவுக்குள்ளேயே இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன அல்லவா, அந்தப் பக்கத்தில்தான் காற்றாடிமலை. 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி அங்கே ஒரு மனிதரைச் சுட்டுக் கொன்றார்கள். நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை அவர். ஞானஸ்நானத்துக்குப் பிறகு தேவசகாயம். 2022 மே 15-ல் ரோமாபுரியில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். துறவியாகவோ குருவாகவோ இல்லாமல், குடும்பஸ்தராக வாழ்ந்து அந்த நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல் இந்தியர். அவருடைய கல்லறை கோட்டாறு சவேரியார் கோவிலில் இருக்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் பேச வந்தது அவர் இறந்த விதத்தைப் பற்றி மட்டுமில்லை. அதற்கு ஏழெட்டு வருஷம் முன்னால் நடந்த ஒரு பேச்சைப் பற்றி.

அப்போது நீலகண்ட பிள்ளை மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் அரசாங்கத்தில் பத்மநாபபுரத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல குடும்பம், நல்ல வேலை, மேக்கோட்டிலிருந்து பார்கவி அம்மாளைக் கல்யாணம் செய்திருந்தார். பிறகு காலம் திரும்பியது. கால்நடைகள் செத்தன, பயிர் கைவிட்டது, நஷ்டத்தின்மேல் நஷ்டம். ஆள் ஒடுங்கிப்போனார் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அவருடைய முகத்தைப் பார்த்து 'என்ன விஷயம்?' என்று கேட்டவர் டிலனாய். 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி. கைதியாக வந்து, அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுக்கிற நிலைக்கு வந்தவர். இவருடைய நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். சொந்த நாடு கடலுக்கு அந்தப்புறம். தோற்றவன் என்ற பெயர். திரும்பிப் போகமுடியாத வாழ்க்கை. கடைசிவரை அவர் திரும்பவில்லை. உதயகிரிக் கோட்டைக்குள்தான் அவருடைய கல்லறையும் இருக்கிறது.

இந்த மனிதர் நீலகண்டனுக்கு என்ன சொன்னார்? 'என் சாமியைக் கும்பிடு, செத்த மாட்டுக்குப் பதில் இரண்டு மாடு வரும்' என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கு மைக் பிடிக்கிற பலபேர் அதைத்தான் சொல்கிறார்கள். டிலனாய் அப்படிச் சொல்லவில்லை. யோபுவின் கதையைச் சொன்னார்.

யோபுவின் கதை நமக்குத் தெரியும் என்று நினைக்கிறோம். நல்லவன், செல்வம் போனது, பிள்ளைகள் போனார்கள், உடம்பெல்லாம் பருக்கள், பொறுமையாக இருந்தான், கடைசியில் எல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது. ஓய்வுநாள் பள்ளியில் இவ்வளவுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். மொத்தம் 42 அதிகாரம். இந்தக் கதை முதல் 2 அதிகாரத்திலும் கடைசி அதிகாரத்திலும் முடிந்துவிடுகிறது. நடுவிலே கிடப்பதெல்லாம் வாக்குவாதம். பிறந்த நாளையே சபிக்கிறான் யோபு. ஏன் என்னைக் குறிவைத்து அடிக்கிறாய் என்று தேவனிடமே கேட்கிறான். நேருக்கு நேர் நின்று வழக்காட எனக்கு ஓர் இடம் கொடு என்கிறான். அத்தனையும் முறையீடு, நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ஆவலாதி.

அவனைத் தேற்ற வந்த நண்பர்கள் பேசுவதும் அதில் இருக்கிறது. நீ பாவம் செய்திருப்பாய், அதுதான் இந்தத் தண்டனை. தேவனுக்கு முன்னால் வாயை மூடு. இப்படி எல்லாமே பக்தியான பேச்சு, கேட்டால் பிரசங்கம் மாதிரியே இருக்கும். கடைசி அதிகாரத்தில் தேவன் தீர்ப்புச் சொல்கிறார். பக்தியாகப் பேசின நண்பர்கள்மேல் கோபப்படுகிறார். ஆவலாதி சொன்னவனே என்னைப் பற்றிச் சரியாகப் பேசினான் என்கிறார். நண்பர்கள் மன்னிப்புப் பெறவேண்டுமானால் யோபு அவர்களுக்காக ஜெபிக்கவேண்டுமாம்!

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். கிறிஸ்தவ விசுவாசம் கவலைப்படுகிறவனை 'சும்மா இரு' என்று அடக்குவதில்லை. 'என்னிடம் சொல்' என்கிறது. கவலை நமக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்வரைதான் அது பெரியது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்று வந்தவுடன் அது பேச்சாக மாறுகிறது. பேச்சாக மாறினதற்கு மறுமொழி சொல்லலாம்.

நம்முடைய கவலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ராத்திரி இரண்டரை மணி. பையன் ஷார்ஜாவில். நேற்றைக்குப் போன் வரவில்லை. அம்மா தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துப் பார்க்கிறாள். கடைசியாக அவன் வாட்ஸப் பார்த்தது சாயங்காலம் ஆறேகால். அனுப்பின செய்திக்கு ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது. சார்ஜ் இல்லையோ? அறையில் நெட் இல்லையோ? இல்லை, கம்பெனியில் ஏதாவது பிரச்சினையோ? போன மாதம் அவன்கூட வேலை பார்த்தவனை அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னானே. வேலை போனால் கடனுக்கு என்ன செய்வது? வேலை போயிருந்தால் போகட்டும், வண்டியில் அடிபட்டுக் கிடந்தால் யார் சொல்வார்கள்? ஒரு டிக்கில் தொடங்கியது. ஐந்து நிமிஷத்தில் விமான நிலையத்தில் பெட்டி வந்து இறங்குவது வரைக்கும் போய்விட்டாள். பக்கத்தில் வீட்டுக்காரர் குறட்டை விடுகிறார். நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிடுகிறது. விடிந்து யாராவது கேட்டால், 'ஒண்ணுமில்ல மக்களே, ராத்திரி ஒரே வெப்ராளமா இருந்து' என்பாள். இந்தக் கூட்டத்தில் இப்படி ஒரு ராத்திரி பார்க்காத வீடு இருக்காது. கும்பப்பூ நெல்லுக்குத் தண்ணீர் கடைமடைக்கு வருமா என்று படுத்துக்கொண்டே யோசிக்கிறவருக்கும், நீட் முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைக்கும் இதே கதைதான்.

அந்த அம்மாவிடம் போய் 'கவலைப்படுவது பாவம்' என்று சொன்னால் என்ன ஆகும்? ஏற்கெனவே பையனைப் பற்றி ஒரு கவலை. இப்போது 'எனக்கு விசுவாசம் இல்லையோ' என்று இரண்டாவது ஒரு கவலை. ஒன்றுக்கு இரண்டாகக் கட்டிவிட்டு நாம் வீட்டுக்கு வந்துவிடுவோம்.

பவுலை எடுத்துக்காட்டுவார்கள். ஒன்றுக்கும் கவலைப்படவேண்டாம், ஜெபத்தில் எல்லாவற்றையும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்று பிலிப்பி சபைக்கு எழுதினார் அல்லவா என்பார்கள். எழுதினார். சிறையிலிருந்து எழுதினார். ஆனால் அதே கடிதத்தில் இரண்டு அதிகாரம் முன்னால் போய்ப் பாருங்கள். எப்பாப்பிரோதீத்து சாகக்கிடந்ததையும், அவர் பிழைத்திராவிட்டால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்பதையும், அவரை ஊருக்கு அனுப்பினால்தான் தன் மனபாரம் குறையும் என்பதையும் அதே பவுல்தான் எழுதுகிறார். கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் கடிதத்தில், அடிபட்டது, கப்பல் உடைந்தது எல்லாம் சொல்லிவிட்டு, இவை போதாதென்று எல்லாச் சபைகளைப் பற்றிய கவலையும் நாள்தோறும் தன்னை நெருக்குகிறது என்கிறார். ஆகவே பவுல் கவலையே இல்லாத மனிதர் இல்லை. வந்த கவலையை எங்கே கொண்டுபோய் வைக்கவேண்டும் என்று தெரிந்த மனிதர்.

அதனால் முதலில் செய்யவேண்டியது ஆவலாதி சொல்வது. குளம் வெட்டினவர்கள் கரையை மட்டும் கட்டவில்லை, மிஞ்சின தண்ணீர் வழிய மறுகாலும் வைத்தார்கள். மறுகால் இல்லாத குளம் ஒரு மழைக்குத் தாங்கும், இரண்டாவது மழைக்குக் கரை உடைத்துக்கொள்ளும். மனசுக்கு அந்த மறுகால்தான் புலம்பல். சங்கீதப் புத்தகத்தில் 150 சங்கீதம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் புலம்பல்தான். பெரும்பாலானவை அழுகையில் தொடங்கி நம்பிக்கையில் முடியும். 88-ஆம் சங்கீதம் அப்படிக்கூட முடியாது. இருளிலேயே நின்றுவிடும். ஆறுதலில் முடியாத அதையும் வேதத்தில் சேர்த்துவைத்திருக்கிறார்களே, ஏன்? இப்படியும் ஒரு ராத்திரி வரும், அப்போதும் பேசுவதற்கு உனக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லத்தான்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரைகளில் என்ன நடந்தது என்று நாம் பார்த்தோம். கடலுக்குப் போனவர்கள் வருவார்களா மாட்டார்களா என்று தெரியாது. உடலும் கிடைக்கவில்லை. திதி வைப்பதா, இன்னும் காத்திருப்பதா என்று தெரியாமல் பெண்கள் கோவில் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடத்தில் துதிப்பாட்டுப் பாடச் சொல்லமுடியுமா? 88-ஆம் சங்கீதத்தைத்தான் வாசிக்கமுடியும். விசுவாசம் அங்கேயும் இருந்தது. அழுகையாக இருந்தது.

இயேசு கெத்செமனே தோட்டத்தில் என்ன செய்தார்? திகில் அடைந்தார், வியாகுலப்பட்டார், முகங்குப்புற விழுந்தார் என்று சுவிசேஷங்கள் மறைக்காமல் எழுதியிருக்கின்றன. இந்தப் பாத்திரம் வேண்டாம் என்றார். ஒரே ஜெபத்தை மூன்று தடவை சொன்னார். நாம் ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப ஜெபித்தால் விசுவாசக் குறைவு என்கிறவர்கள் இதை வாசிக்கவேண்டும்.

இரண்டாவது, மறுமொழி சொல்வது. ஆவலாதி சொன்னதோடு நின்றுவிட்டால் அதுவே பழக்கமாகிவிடும். 42, 43 இரண்டு சங்கீதங்களையும் சேர்த்து வாசித்தால் ஒரு கேள்வி மூன்று இடத்தில் வரும். பாடுகிறவர் தன் ஆத்துமாவையே நிறுத்தி, ஏன் இப்படிக் கலங்குகிறாய் என்று கேட்கிறார். நினைப்பு சொல்வதை அவர் கேட்டுக்கொண்டே இருக்கவில்லை. நினைப்போடு திருப்பிப் பேசுகிறார்.

எகிப்து வனாந்தரத்தில் 399-ல் இறந்துபோன எவாக்ரியு என்ற துறவி இதை ஒரு கலையாகவே வளர்த்தார். மனிதனை அலைக்கழிக்கிற எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்தார். துக்கம் ஒன்று, எதிலும் மனம் ஒட்டாத சலிப்பு இன்னொன்று. ஒவ்வொரு எண்ணம் வரும்போதும் என்ன மறுமொழி சொல்லலாம் என்று வேதத்திலிருந்து ஏறக்குறைய 500 இடங்களைத் திரட்டி ஒரு கைநூல் செய்தார். எண்ணம் வருவது நம் கையில் இல்லை, அது தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது என்பது அவருடைய பாடம். பதினாறு நூற்றாண்டு கழித்து, 1960-களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், தானாக வந்து விழுகிற எண்ணங்களைத் தாளில் எழுதச் சொல்லி, அது உண்மைதானா என்று நோயாளியோடு சேர்ந்து சோதிக்கிற முறையைக் கொண்டுவந்தார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒருவர் தேவனுக்கு முன்னால் நின்று செய்தார், மற்றவர் மருத்துவ அறையில் செய்தார். ஆனால் எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி விசாரிக்கவேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நம் வீட்டில் இதை எப்படிச் செய்வது? அந்த அம்மா ஒரு நோட்டை எடுக்கட்டும். 'பையனுக்கு என்னமோ ஆகிவிட்டது' என்று ஒரு பக்கம் எழுதட்டும். எதிர்ப்பக்கம், எனக்கு உறுதியாகத் தெரிந்தது எது என்று எழுதட்டும். 'அவன் சாயங்காலம் ஆறேகாலுக்குப் பிறகு வாட்ஸப் பார்க்கவில்லை.' அவ்வளவுதான் தெரியும். மீதியெல்லாம் இவள் மனசு எழுதின கதை. மூன்றாவதாக ஒரு வரி: 'எனக்குத் தெரியாததும் உமக்குத் தெரியும், ஆண்டவரே. விடியட்டும், அவன் அறைத்தோழனைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.' பவுல் ஜெபத்தோடு நன்றியையும் சேர்க்கச் சொல்கிறார். போன தடவை இப்படித்தான் பயந்தோம், மறுநாள் காலையில் கூப்பிட்டான் என்று நினைத்துப் பார்க்கிறதே நன்றிதான். பழைய கணக்கு கையில் இருந்தால் புதிய பயத்துக்குப் பாதிப் பலம் குறைந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். புத்தாண்டு ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். ஆசீர்வாதம், செழிப்பு என்று வந்தால் பைபிளுக்குள் வைத்துக்கொள்கிறோம். உபத்திரவத்தில் பொறுமை என்று வந்துவிட்டால், 'ஐயரே, இன்னொண்ணு எடுத்துக்கிடட்டா?' என்று போதகரைக் கேட்கிறோம். வசனத்தைத் தாயத்தாகக் கட்டிக்கொண்டால் அது பயத்துக்கு மறுமொழி ஆகாது. அட்டை தொலைந்தால் அதுவே புதுப் பயமாகிவிடும்.

மூன்றாவது பாடம் கோட்டாறு கோவிலின் சவேரியாருக்குச் சம்பந்தப்பட்டது. 1544-ல் நம் கடற்கரைகளில் நடந்து திரிந்த பிரான்சிஸ் சவேரியாரின் குரு, இயேசு சபையைத் தொடங்கின இக்னேஷியஸ் லொயோலா. 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் நீலகண்டனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த புத்தாரி சுவாமியும் அந்தச் சபைக்காரர்தான். இக்னேஷியஸ் தன் ஆன்மிகப் பயிற்சி நூலில் ஒரு விதி வைத்தார். மனம் இருண்டு கிடக்கிற வேளையில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. வெளிச்சமாக இருந்தபோது எதைத் தீர்மானித்தாயோ அதிலேயே நில். ஜெபத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்.

எவ்வளவு நடைமுறையான புத்தி பாருங்கள்! ஒரு போகம் பொய்த்ததும் வயலை வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். யாரோ சொன்ன ஒரு பேச்சைக் கேட்டு மகளுடைய படிப்பை நிறுத்துகிறோம். தேர்வில் மதிப்பெண் குறைந்த ராத்திரியில் பிள்ளை விபரீதமாக ஒரு முடிவுக்குப் போகிறது. இருட்டில் எடுத்த முடிவுகள். வாழவே வேண்டாம் என்று ஒருவருக்குத் தோன்றினால், அந்த எண்ணத்தோடு தனியாக இருக்கவேண்டாம். பக்கத்தில் ஓர் ஆளைக் கூப்பிடுங்கள். ஆள் இல்லையென்றால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அரசாங்கத்தின் டெலி-மானஸ் மனநல உதவி எண். பகலிலும் இரவிலும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழில் பேசலாம். விடியும்வரை முடிவைத் தள்ளிப்போடுவதும் விசுவாசத்தின் ஒரு செயல்தான்.

நாலாவது, உடம்பு. எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் பெரிய வெற்றி பெற்றார். அடுத்து ராணியின் மிரட்டல் வந்தது. ஓடினார். ஒரு சூரைச்செடியின்கீழ் படுத்து, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். தேவன் அவருக்கு உடனே ஒரு பிரசங்கம் பண்ணினாரா? இல்லை. தூங்கவிட்டார். தூதன் வந்து எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கினார். மறுபடியும் சாப்பாடு. அதற்குப் பிறகுதான் பயணம். 'இங்கே உனக்கு என்ன வேலை?' என்ற கேள்வி அதற்கும் பிறகுதான் வருகிறது. தூக்கம் கெட்டவனுக்கும் சாப்பிடாதவனுக்கும் முதல் மருந்து எது என்று வேதத்துக்குத் தெரிந்திருக்கிறது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மனநோய்க்கு மருத்துவரைப் பார்ப்பதை அவிசுவாசம் என்று சொல்கிற கூட்டங்கள் நம் குமரி மாவட்டத்தில் நடக்கின்றன. பரம்பரைச் சாபம் என்கிறார்கள், பிசாசின் கட்டு என்கிறார்கள். ஒரு காலத்தில் செய்வினை என்று சொல்லிப் பயப்படுத்தினார்கள். இப்போது அதே பயத்துக்கு வேதப்பெயர் வைத்திருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசம் இருந்து, முன்னைவிட மோசமானவர்கள் உண்டு.

நம் ஜில்லாவின் சரித்திரத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள். 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். 1838-ல் நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கிவிட்டது. சுவிசேஷமும் மருந்துப் பெட்டியும் ஒரே வாசல் வழியாக இங்கே நுழைந்தன. 1922 எவரெஸ்ட் பயணத்துக்குப் பிறகு நெய்யூரைப் பார்க்க வந்த சாமர்வெல் டாக்டர், அங்கே காத்திருந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு லண்டன் உத்தியோகத்தை வேண்டாமென்று இங்கேயே பணிக்கு வந்தார். கத்தியைப் பிடிக்கும் முன்னால் ஜெபித்தவர்களே அந்த டாக்டர்கள். ஜெபித்துவிட்டுக் கத்தியை வைத்துவிட்டுப் போனவர்கள் இல்லை. வயிற்றுக்கட்டிக்கு நெய்யூருக்குப் போகலாம், மனசுக்கு மட்டும் போகக்கூடாது என்பது எந்த வேதத்தில் இருக்கிறது? 2015-16-ல் எடுத்த தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்குப் போவதே இல்லை. படபடப்பும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நின்றால், வேலையையும் சாப்பாட்டையும் கெடுத்தால், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஜெபித்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

ஐந்தாவது, துணை. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவுக்கே துணை தேவைப்பட்டது. மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய், என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அவர் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். நம் ஊர்களில் சாயங்காலக் குடும்ப ஜெபம் இருந்தது. ஒருவர் தன் பாரத்தைச் சொல்வார், வீட்டார் அதற்காக ஜெபிப்பார்கள். இப்போது அந்த நேரத்தில் ஆளுக்கொரு போன். சபையில் அசனம் வைக்கிறோம், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், பக்கத்து இலைக்காரருடைய வீட்டில் என்ன வெசனம் என்று தெரியாமலே கைகழுவிவிட்டு எழுந்துவருகிறோம்.

இப்போது தொடங்கின இடத்தில் இருந்த கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். ஆறுதலுக்காகக் கடவுளா என்று பகத்சிங் கேட்டார். தேவசகாயத்தின் வாழ்க்கையை வைத்துப் பார்ப்போம். யோபுவின் கதையைக் கேட்டு விசுவாசத்துக்குள் வந்தவருக்கு யோபுவுக்குக் கிடைத்த இரட்டிப்பு கிடைத்ததா? 1749-ல் பிடித்தார்கள். மூன்று வருஷம் சங்கிலி. எருமைமேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர்வலம் விட்டார்கள். அடித்த புண்ணில் மிளகுப்பொடி தேய்த்தார்கள் என்று சொல்கிறார்கள். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைத்தார்கள். பார்கவி அம்மாள் ஞானப்பூவாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார். கணவர் இன்று வருவார் நாளை வருவார் என்று காத்திருந்தவர் கடைசியில் விதவையானார். விசுவாசம் துன்பத்தை இலேசாக்கும் என்று யாராவது கணக்குப் போட்டால், இந்த வீட்டில் அந்தக் கணக்கு தப்பு.

ஆனால் ஒன்று நடந்தது. மாடு செத்ததற்கு ஒடுங்கிப்போன மனிதர், சங்கிலியில் கிடந்தபோது ஒடுங்கவில்லை. நம்பிக்கையை விட்டுவிடச் சொன்னார்கள். விடவில்லை. சாதி பார்க்காமல் எல்லாரும் சமம் என்று அவர் சொன்னது மேல்தட்டாரைச் சினங்கொள்ள வைத்தது என்று ரோமாபுரிப் பதிவுகளே சொல்கின்றன. பெருவிளையில் கட்டிக்கிடந்தவரைப் பார்த்துத் தங்கள் பாரத்தைச் சொல்ல ஜனங்கள் வந்தார்களாம். டிலனாய் தனக்குச் செய்ததை அவர் மற்றவர்களுக்குச் செய்தார். இந்த விசுவாசம் அவருக்கு ஆறுதல் தந்ததைவிட முதுகெலும்பு தந்தது என்று சொன்னால், நாத்திகத் தோழர்களும் அந்த ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

அதே காரணத்தால்தான் தோழர்கள் சொல்கிற இன்னொன்றையும் நாம் ஒத்துக்கொள்ளவேண்டும். எல்லாக் கவலையும் ஜெபத்தோடு முடிகிற கவலை இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் வராததற்குக் கால்வாய் தூர்ந்து கிடப்பது காரணமென்றால், ஜெபித்துவிட்டு நீர்வளத் துறைக்கு மனு எழுதவேண்டும். எருசலேமின் அலங்கத்தைக் கட்டின நெகேமியா, எதிரிகள் வருகிறார்கள் என்றதும் ஜெபித்தார்; கையோடு இரவும் பகலும் காவலும் போட்டார். மனு எழுதவேண்டிய இடத்தில் ஜெபத்தோடு நின்றுகொண்டால் அதற்குப் பெயர் சோம்பல்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்றைக்குப் பேசியதில் மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்கவேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஒரே ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார்கள். வந்ததும் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள், வாய்திறக்கவில்லை. பேச ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. யாராவது உங்களிடம் வந்து, 'மனசுக்குச் சரியில்ல அண்ணாச்சி', 'தூக்கமே வரமாட்டேங்குது அக்கா' என்று சொன்னால், உடனே வசனத்தை எடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் நடந்த கதையையும் எடுக்காதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள், காப்பி போடச் சொல்லுங்கள், என்ன விஷயம் என்று கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். டாக்டரிடம் போகவேண்டுமென்றால் கூடவே போங்கள். வசனம் அதற்குப் பிறகு சொல்லலாம். அப்போது அது காதில் ஏறும்.